விழாத பூச்சி

லாரிக்காரரோடு ஓடிப்போனாள் என்று சொல்கிறவர்கள் முதலில் வாயைக் கழுவிவிட்டு வரட்டும். லாரியில் ஏறினாள், அதை யாரும் மறுக்கவில்லை. பட்டப்பகலில், செங்கல் களத்தில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். ஓடிப்போகிறவள் இப்படியா போவாள்? அவளால் எங்கே ஓட முடியும்? குழாயடியிலிருந்து வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் வழியில் கிடக்கிற கல்லில் எல்லாம் உட்கார்ந்து எழுந்து வருகிறவள் அவள். லாரிக்காரருக்கோ பேரன் பேத்தி எடுத்த வயது. ஒரு கண்ணில் புரை வேறு. கதை கட்டுகிறதென்றால் கொஞ்சம் பொருத்தமாகக் கட்டக்கூடாதா?

அடுத்த பேச்சு, அவள் மண் தின்றாள், அதனால்தான் வயிற்றுப்பிள்ளை தங்கவில்லை என்பது. மண் தின்றாள்தான். இல்லை என்று பொய் சொல்லி அவளைக் காப்பாற்ற வேண்டிய தேவை ஒன்றும் இல்லை. ஏன் தின்றாள் என்று யாராவது கேட்டார்களா? அடுத்த வீட்டுத் தையல்காரி கேட்டாளா? நாளெல்லாம் மெஷினில் காலை ஆட்டிக்கொண்டு துணியோடு சேர்த்து அடுத்தவர் கதையையும் தைக்கிறவள், இதை மட்டும் கேட்க மறந்துவிட்டாள். அதனால் முதலிலிருந்து சொல்லத்தான் வேண்டும்.

அந்த வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். இளைய மகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததால் அப்படி. மூத்தவன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வேறு வேலை தேடிப் போய்விட்டான். ஆனாலும் சின்னவள் என்ற பெயர் மாறவில்லை. புருஷன் செங்கல் சூளையில் நெருப்புப் போடுகிறவன். சூளையின் தலைமேல் ஏறி நின்றுகொண்டு, குழி குழியாக மூடி திறந்து கரி கொட்டுகிற வேலை. பற்றவைத்த நெருப்பை விட்டுவிட்டு அவன் எங்கேயும் நகர முடியாது. வீட்டில் என்ன நடந்தாலும் அவனுக்குப் புகை வழியாகத்தான் தெரியும் என்று மற்ற ஆண்கள் கிண்டல் செய்வார்கள்.

சின்னவள் கல் அறுத்தாள். அவளைப் போல அறுக்க அந்தக் களத்தில் ஆள் இல்லை. மிதித்த சேற்றை ஒரு உருண்டை எடுத்து, மணலில் புரட்டி, அச்சுக்குள் ஒரே அடியாக அடிப்பாள். மேலே வழிந்ததைக் கையால் வழித்துவிட்டுத் தரையில் கவிழ்த்து அச்சைத் தூக்கினால் கல் அசையாமல் நிற்கும். அவளுடைய கல்லுக்கு மூலை நன்றாக விழும். “மூலையில கைய வைக்காதீங்க, கிழிச்சிடும்” என்று மேஸ்திரி மற்றப் பெண்களிடம் இன்னும் சுடாத அந்தப் பச்சைக்கல்லைத் தூக்கிக் காட்டுவார். சின்னவள் அன்றைக்கு முழுதும் முதுகை நேராக வைத்துக்கொண்டுதான் நடப்பாள்.

அங்கே எல்லோரும் வெறுங்காலில்தான் நிற்பார்கள். சேற்றில் செருப்பு நிற்காது, பிடுங்கிக்கொள்ளும். சூளை ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் ஒதுங்குவதற்கு இடம் கிடையாது. மண் வெட்டுகிற பள்ளத்துக்குப் பின்னால் போக வேண்டும். பள்ளத்துக்கும் அந்த இடத்துக்கும் நடுவே ஒரு வரப்பு இருந்தது. மழை பெய்தால் அந்த வரப்பும் இருக்காது. அங்கிருந்து வழிந்து வருகிற தண்ணீரில்தான் சேறு மிதிப்பார்கள். புதிதாக வந்தபோது சின்னவளுக்குக் கால் விரல் இடுக்கெல்லாம் சிவந்து அரித்தது. “சேறு பழகுது” என்றார்கள். அரிப்பு நின்றது. பழகிவிட்டது என்று அவளும் நினைத்தாள்.

மகள் பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் உடம்பு விட்டுப்போக ஆரம்பித்தது. அச்சைத் தூக்கினால் கண் இருட்டும். காதுக்குள் யாரோ உலை ஊதுகிற மாதிரி இரைச்சல். ஒரு வரிசை முடிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள். அதோடு இன்னொன்று. காய்ந்த களத்தில் தண்ணீர் தெளித்ததும் ஒரு வாசனை எழும்பும். அந்த வாசனை அவளுக்கு நாக்கில் வந்து உட்கார்ந்தது. சோற்றைப் பார்த்தால் வராத பசி அந்த மண்ணைப் பார்த்தால் வந்தது. முதலில் உள்ளங்கையில் ஒட்டியிருந்ததை நக்கிப் பார்த்தாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை. பாதி காய்ந்த கல்லின் மூலையைக் கிள்ளி வாயில் போட்டு, தலையைக் குனிந்துகொண்டே மெல்லுவாள். அழுகை வரும். மென்றுகொண்டேதான் அழுவாள்.

கண்டுபிடித்தவர் மேஸ்திரி. எந்த மூலையை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினாரோ, அந்த மூலை இல்லாத கல்லாக வரிசை வரிசையாக நின்றது. எலி என்று நினைத்துப் பொறி வைத்தார். பொறியில் எலி விழவில்லை. ஒருநாள் குனிந்திருந்தவளின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“என்னம்மா வாயில?”

அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவையும் இல்லை, உதட்டோரத்தில் இருந்தது. சாயங்காலத்துக்குள் மண்தின்னி என்ற பெயர் குழாயடி வரை போய்ச் சேர்ந்துவிட்டது. தையல்காரி தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, “அவ தூக்க வந்தா போகாதீங்க” என்றாள், சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிற மாதிரி.

அந்தச் சமயம் சின்னவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். ஆண் குழந்தை பிறந்தது. கையில் வைத்தால் எடையே தெரியாது. அழுகை பூனைக்குட்டியின் சத்தத்தைவிடச் சின்னதாக இருந்தது. அதுவும் சீக்கிரம் நின்றுபோயிற்று. மாமியார்தான் துணியில் சுற்றிக் கொடுத்தாள். சுற்றிய துணியை அவள் மறுபடி விலக்கி ஒருமுறை முகம் பார்த்ததைச் சின்னவள் கவனித்தாள். அதையும் சொல்லிவிட வேண்டும். மாமியார் கல்நெஞ்சுக்காரி இல்லை. கல்நெஞ்சுக்காரியாக இருந்திருந்தால் இந்தக் கதையில் இவ்வளவு சிக்கல் இருந்திருக்காது.

வயிற்றில் பூச்சி இருக்கிறது, அதுதான் மண் கேட்கிறது என்று முதலில் சொன்னவளே மாமியார்தான். தப்பில்லை, சரியாகத்தான் சொன்னாள். கஷாயக்காரரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் பப்பாளி விதையைக் காயவைத்து அரைத்துத் தேனில் குழைத்துக் கொடுப்பார், பூசணி விதையை வறுத்துப் பொடித்துக் கொடுப்பார், அதற்குமேல் ஒரு கசப்புக் கஷாயம். வரிசை வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு அதில் பூச்சி விழுந்திருக்கிறது. கண்ணால் பார்த்தவர்கள் உண்டு. அதனால் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

அவர் சின்னவளின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். விரலைப் பிடித்து நகத்தைப் பார்த்தார். மாமியார் கை கழுவ வெளியே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

“இங்க பாரும்மா. என் மருந்து விழுற பூச்சிக்கு. உனக்கு இருக்கிறது அது இல்லன்னு நினைக்கிறேன். நகம் சுண்ணாம்பா இருக்கு. ரத்தம் போகுது உனக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிடு.”

“இதை அத்தைகிட்ட சொல்லுங்களேன்.”

“நான் சொல்லணுமா? நல்லா இருக்கே. நாளைக்கு என்கிட்ட எவன் வருவான்?”

மாமியார் உள்ளே வந்து, “என்னங்க சொல்றீங்க?” என்று கேட்டாள்.

“கெட்டிப்பட்ட பூச்சி. கொஞ்சம் கூட்டிக் குடுங்க” என்றார்.

கூட்டிக் கொடுத்தார்கள். நாக்கு வெந்துபோனதுதான் மிச்சம்.

அப்புறம் பிள்ளைகளுக்கு ஊசி போட நர்சம்மா வரிசை வீடுகளுக்கு வந்தாள். குள்ளமாக, கோபக்காரியாக, தோளில் நீலப் பெட்டியோடு இருப்பாள். மகளைத் தூக்கிக்கொண்டு நின்ற சின்னவளைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கண் இமையை இழுத்துப் பார்த்தாள்.

“நீ எப்படிம்மா நின்னுக்கிட்டு இருக்க?”

ரத்தம் எடுத்தாள். ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து, காலையில் போவதில் கொஞ்சம் எடுத்து வை என்றாள். அடுத்த முறை வந்தபோது மாத்திரைகளோடு வந்தாள்.

“கொக்கிப்புழு. நூல் துண்டு மாதிரி சின்னதா இருக்கும். வெறுங்கால் வழியா ஏறிடும். ஏறி, குடல்ல கடிச்சுக்கிட்டுத் தொங்கும். உக்காந்து உக்காந்து ரத்தம் குடிக்கும்.” சின்னவளின் வாயை உற்றுப் பார்த்தாள். “மண்ணு திங்கணும்னு தோணுமே?”

சின்னவள் தலையைக் குனிந்தாள்.

“எதுக்கு வெக்கம்? ரத்தம் குறைஞ்சா அப்படித்தான் தோணும். அது உன் புத்தி இல்ல, உன் உடம்பு.”

அந்த ஒரு வார்த்தையை அவள் எத்தனை தடவை தனக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். அவ்வளவு காலமும் தன் புத்திதான் அழுகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

“கஷாயம் குடிக்கச் சொல்றாங்க…”

“குடிக்கிறதுன்னா குடி. அதைக் குடிச்சிட்டு மாத்திரைய விட்டுடாத, அவ்வளவுதான். பேதிக்கு மட்டும் குடிச்சுடாத. உன் உடம்புல வெளிய போறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல. இது இரும்புச்சத்து மாத்திரை, ரொம்ப நாளைக்குச் சாப்பிடணும். போறது கறுப்பா போகும், பயப்படாத. காலுக்குச் செருப்பு போடு.” பிறகு மகளின் இமையையும் இழுத்துப் பார்த்தாள். “இதுவும் வெளுத்துத்தான் இருக்கு. லாரி கல் இறக்குற இடத்துக்குப் பக்கத்துலதான் ஆஸ்பத்திரி. கூட்டிட்டு வா. இதுக்கும் பேதி கீதி குடுத்துடாதீங்க, தாங்காது.”

சின்னவள் பூச்சி மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். பழைய செருப்பு ஒன்றைத் தேடி எடுத்துக் கயிற்றால் காலோடு கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். களமே சிரித்தது. “மகாராணி கல் அறுக்க வந்துட்டாங்க, பாய் விரிங்க” என்றாள் ஒருத்தி. சின்னவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுச் செருப்பைக் கழற்றாமல் அறுத்தாள்.

ஆனால் வீட்டில் மாமியார் விளக்கெண்ணெயோடு உட்கார்ந்திருந்தாள்.

“செத்த பூச்சி உள்ள கிடந்து அழுகாதா? தள்ளிவிட வேண்டாமா?”

“பேதிக்குக் குடிக்கக்கூடாதுன்னு நர்சம்மா சொல்லிச்சு அத்தை.”

“அந்தம்மா பிள்ளை பெத்திருக்கா? உன் புருஷன் குழந்தையில வயிறு உப்பி, மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடந்தான். எல்லாரும் கைவிட்டாச்சு. இந்த எண்ணெயத்தான் குடுத்தேன். பந்து பந்தா விழுந்துச்சுடி. இந்தக் கையால எடுத்துப் போட்டேன். இல்லன்னா உனக்குப் புருஷன் ஏது?”

சின்னவள் குடித்தாள். அன்றைக்கு முழுதும் வயிற்றால் போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், அப்புறம் எழ முடியாமல் கிடந்தாள். மாமியார் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, போனதை வெயிலில் வைத்து, கிளறிக் கிளறிப் பார்த்தாள். தையல்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு சுவருக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“விழுந்துச்சாக்கா?”

“ஒண்ணையும் காணோமே.”

“எனக்கு அப்பவே தெரியும்.”

படுத்தபடியே சின்னவள் சொன்னாள்: “அது நூல் மாதிரி இருக்குமாம் அத்தை. கடிச்சுக்கிட்டு இருக்குமாம். பாத்தாத் தெரியாதாம்.”

“கண்ணுக்குத் தெரியாத பூச்சி. சரி, காதுக்குக் கேக்காத பாட்டு, வாய்க்குத் தெரியாத சோறு, எல்லாம் உன்கிட்டதான் இருக்கும்போல. வேலை செய்ய வலிக்குதுன்னு நேராச் சொல்லிட்டுப் போயேண்டி.”

அன்றோடு முடிந்தது, மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற பேச்சும் சேர்த்து. பூச்சி விழவில்லை. விழாததால் பூச்சி இல்லை. பூச்சி இல்லாததால் அவள் சோம்பேறி, மண்தின்னி, பிள்ளையைத் தின்றவள். வரிசை வீடுகளில் எல்லோரும் எளிதாகப் புரிந்துகொண்டார்கள்.

இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் அவள் விடவில்லை. முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு தின்றாள். கொஞ்ச நாளில் மண்ணின் வாசனை வெறும் வாசனையாக மாறியது. மூலை உடையாத கற்கள் ஒரு வரிசை நின்றன. அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மேஸ்திரியும் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

குச்சியோடு தேடுவதை மாமியாரும் விடவில்லை. ஒருநாள் கறுப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டாள். நர்சம்மா சொன்னதை எடுத்துச் சொன்னபோது அவள் காதில் ஏறவில்லை. குடல் வெந்து கரியாகி வருகிறது, மருமகளை மருந்து கொடுத்துக் கொல்கிறார்கள் என்று உண்மையாகவே நடுங்கிப்போனாள். சின்னவள் குளிக்கப் போன சமயம் முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரையை எடுத்து, சூளைமேல் ஏறி மகனிடம் கொடுத்தாள். அவன் மூடியைத் திறந்து நெருப்புக்குள் போட்டான்.

“போட்டுட்டீங்களா?” என்று அவனிடம் கேட்டாள் சின்னவள்.

“அம்மா பயப்படுறாங்க.”

“நீங்க?”

அவன் கம்பியை எடுத்து நெருப்பைக் கிளறினான். கெட்டவன் இல்லை. அவள் களத்தில் மயங்கி விழுந்தபோதெல்லாம் தோளில் போட்டு வீட்டுக்குத் தூக்கிவந்தவன் அவன்தான். வாய் மட்டும் இல்லை. அம்மா கொடுத்த உயிர் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவனுக்கு வாய் எங்கிருந்து வரும்?

மறுபடி கண் இருட்டியது. மறுபடி வாசனை நாக்குக்கு வந்தது. இப்போது அதன் பெயர் தெரிந்ததால், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். தின்னவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்லலாம்.

அதனால்தான் அன்றைக்கு வரிசையில் மூலை உடைந்த கல்லைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் குழப்பமாக இருந்தது. குனிந்து பார்த்தாள். இது கிள்ளிய மூலை இல்லை, கடித்த மூலை. பல் பதிந்திருந்தது. அரிசி அரிசியாக, சின்னச் சின்னப் பல். பக்கத்துக் கல்லிலும் இருந்தது. அதற்கு அடுத்ததிலும்.

மகள் கல் அடுக்குக்குப் பின்னால் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் உதட்டை இறுக மூடிக்கொண்டாள், மேஸ்திரி கேட்ட அன்று அம்மா மூடிக்கொண்ட அதே மாதிரி. சின்னவள் அவள் முகத்தை வெயில் பக்கம் திருப்பி, நர்சம்மா செய்த மாதிரியே இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை.

வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது, களத்தில் நடந்தது அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. மாமியார் பேத்தியைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு கதறினாள்.

“இதுக்கும் வந்துடுச்சே. உன்ன மாதிரி முத்த விடமாட்டேன். நாளைக்குக் காலையில வெறும் வயித்துல குடுத்து ஒரேயடியா வாரி எறிஞ்சிடறேன்.”

விடிந்தது. மாமியார் கரண்டியில் எண்ணெயைச் சூடு காட்டி ஊதினாள். பேத்தியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, மூக்கைப் பிடித்தாள். குழந்தைக்குத் திமிறக்கூடத் தெம்பு இல்லை. வாய் தானாகத் திறந்தது. சின்னவளுக்குத் தான் எண்ணெய் குடித்த நாள் முழுதும் சுவரைப் பிடித்து எழுந்தது நினைவுக்கு வந்தது. அவளுக்காவது சுவர் வரைக்கும் போய்ப் பிடிக்கத் தெம்பிருந்தது. எட்டி மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்தாள். எண்ணெய் தரையில் கொட்டியது.

“என் கையவா பிடிக்கிற?”

“பிடிச்சிட்டேன் அத்தை.”

“எம் பேத்தி மேல எனக்கில்லாத அக்கறையா உனக்கு?”

“அக்கறை இருக்கு. அதான் பயமா இருக்கு.”

மாமியார் அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் குழந்தையை அவள் கால்களுக்கு நடுவிலிருந்து எடுத்தாள். மாற்றுத்துணி ஒன்றை எடுத்தாள். கயிறு கட்டிய செருப்பை மாட்டிக்கொண்டாள், முடிச்சுப் போட விரல் வளைய நேரமாயிற்று. குழந்தைக்குச் செருப்பு இல்லை. அதனால் இடுப்பில் வைத்துக்கொண்டாள். வெளியே லாரியில் கல் ஏற்றி முடித்து, தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது எங்கே போய் இறக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகத்தான் அந்த லாரி. வேறு எதற்காகவும் இல்லை.

சூளையின் மேலே புருஷன் நின்றான். வாசலில் நிற்கிற அவளைப் பார்த்தான். மூடி கையிலேயே இருந்தது, குழியிலிருந்து புகை அவன் முகத்தில் அடித்தது. இறங்கி வரவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

மாமியார்தான் கரண்டியோடு வாசல் வரைக்கும் வந்தாள்.

“போ. போய் உன் ஆஸ்பத்திரியிலயே குடு. பூச்சி விழுந்தா எடுத்துட்டு வந்து என்கிட்ட காட்டு. அப்ப நம்புறேன்.”

சின்னவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள்.

“விழாது அத்தை. அது விழுற பூச்சி இல்ல” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.